கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் அம்மா

அம்மா எந்த நாவலையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார்.

எங்கள் தெருமுனையில் இருந்த லெண்டிங் லைப்ரரியில் ரமணிசந்திரன் நாவல்களுக்கென்றே தனி அடுக்கு உண்டு. அட்டை கிழிந்து, மேலே பழுப்புக் காகிதம் ஒட்டி, முதுகில் கோணி ஊசியால் தைத்த புத்தகங்கள். அம்மா ஒன்றை உருவுவார். நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படிப்பார். முகம் கொஞ்சம் தெளியும். அதற்குப் பிறகுதான் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வார். நான் பள்ளிச் சீருடையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். “முடிவு தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்கும்மா படிக்கணும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நல்லபடியா முடியுதுன்னு தெரிஞ்சாத்தான்டி நிம்மதியா அழ முடியும்.”

அன்று அது எனக்குப் புரியவில்லை. கதை என்றால் அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்புதான் என்று நினைத்திருந்த வயது. முடிவை யாராவது சொல்லிவிட்டால் சண்டைக்கே போய்விடுவேன். இந்த வருஷம் ஐந்தாறு மாதங்களாக ரொமான்ஸ் நாவல்களையும் பதின்வயதினருக்கான அறிவியல் புனைகதைகளையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்திற்கு ரயிலில் போகும்போது ஒன்று, ராத்திரி படுக்கும் முன் ஒன்று. அப்படிப் படித்ததில்தான் அம்மா சொன்னது மெல்ல மெல்ல விளங்கியது. படித்தவற்றில் மனதில் நின்ற சிலவற்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். முடிவுகளைச் சொல்லித்தான் எழுதப் போகிறேன், அதைச் சொல்லாமல் இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச முடியாது. முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

ரொமான்ஸ் என்ற வகைக்கு ஒரு வாக்குறுதி உண்டு. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் அந்த வகையை வரையறுக்கும்போது இரண்டே இரண்டு விஷயங்களைத்தான் கேட்டது: கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். அதாவது, புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே இருவரும் சேர்வார்கள் என்று நமக்குத் தெரியும். இதைத்தான் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். “எல்லாம் ஒரே கதைதானே?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எனக்கு இப்போது அதுதான் இந்த வகையின் பெரிய பலம் என்று தோன்றுகிறது. என்ன ஆகும் என்ற கவலையை எழுத்தாளர் நம்மிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறார். நமக்கு மிச்சம் இருப்பது, எப்படி ஆகிறது என்று பார்ப்பதுதான். அந்த ‘எப்படி’யில் எழுத்தாளர் ஏமாற்ற முடியாது.

எமிலி ஹென்றி எழுதி 2020இல் வந்த ‘பீச் ரீட்’ நாவலில் இந்த வாக்குறுதியே கதைப்பொருள். ஜனவரி ஆண்ட்ரூஸ் ரொமான்ஸ் எழுத்தாளர். அப்பா இறந்துபோகிறார். அவருக்கு இன்னொரு பெண்ணோடு உறவு இருந்தது சாவு வீட்டில்தான் அவளுக்குத் தெரியவருகிறது. அதோடு, மிச்சிகன் ஏரிக்கரையில் அப்பா அந்தப் பெண்ணோடு வாழ்ந்த வீடு ஒன்று இவள் பெயருக்கு வருகிறது. கையில் பணம் இல்லை, எழுத வேண்டிய அடுத்த நாவலில் ஒரு வரி நகரவில்லை. சந்தோஷமான முடிவுகளை எழுதிப் பிழைத்தவளுக்கு இப்போது அவற்றில் நம்பிக்கையே இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பவன் அகஸ்டஸ் எவரெட், கல்லூரியில் இவளோடு எழுத்துப் பயிற்சி வகுப்பில் இருந்தவன், இருண்ட தீவிர நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவன். இருவரும் பந்தயம் கட்டுகிறார்கள்: அவன் சந்தோஷமாக முடியும் கதை எழுத வேண்டும், அவள் தீவிர இலக்கியம் எழுத வேண்டும்.

இந்தப் பந்தயத்தைவிட எனக்குப் பிடித்தது ஜன்னல்தான். இரண்டு வீட்டிலும் மேஜை ஜன்னலோரம். ஒருவரை ஒருவர் பார்த்தபடி எழுத உட்கார்ந்திருப்பார்கள். பேச வேண்டுமென்றால் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். கையில் போன் இருக்கும் காலத்தில் இரண்டு பெரியவர்கள் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதில் ஓர் அழகு இருக்கிறது. தாளில் இடம் குறைவு, அதனால் சொல்ல நினைப்பதில் பாதிதான் எழுத முடியும். மீதியை எதிர் ஜன்னலில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். காதல் எப்படி வளர்கிறது என்று நான்கு பக்கம் விளக்குவதற்குப் பதில் ஹென்றி இதைச் செய்திருக்கிறார். இவர் முதலில் பதின்வயதினருக்கான நாவல்கள் எழுதியவர். அந்த வகையில் வரும் வேகமும் நேரடித்தனமும் இந்த நாவலிலும் தெரிகின்றன.

அப்பாவின் கதையும் மனதைத் தொட்டது. மகளின் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் அவர் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். துரோகம் செய்தவரும் அவர்தான், அந்தக் கடிதங்களை எழுதியவரும் அவர்தான். இரண்டில் எது உண்மையான அப்பா என்ற கேள்விக்கு ஹென்றி சுலபமான பதில் எதையும் தரவில்லை.

குறை என்று பார்த்தால், கிட்டத்தட்ட இன்றைய எல்லா ரொமான்ஸ் நாவல்களிலும் இருக்கும் குறைதான். நாவலில் முக்கால் பங்கு முடிந்ததும் ஒரு பிரிவு வர வேண்டும் என்று எங்கோ சட்டம் போட்டதுபோல் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். அகஸ்டஸின் பழைய வாழ்க்கையிலிருந்து ஒருத்தி திரும்பி வருகிறாள். ஜனவரி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு தவிக்கிறாள். இருநூறு பக்கங்களாக எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசிப் பழகிய இரண்டு பேர் திடீரென்று ஒரு கேள்வி கேட்கத் தெரியாதவர்களாக ஆகிவிடுகிறார்கள். வாசகருக்கு முடிவு தெரியும் என்பதில் எழுத்தாளருக்கே ஒரு பயம் வந்து, “ஒருவேளை சேராமல் போய்விட்டால்?” என்று நம்மை மிரட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. அந்த மிரட்டல் தேவையே இல்லை. நாங்கள் அவர்களை நம்பித்தானே புத்தகத்தை எடுத்தோம்?

பிரிவு கதைக்குள்ளிருந்தே வர வேண்டும். எப்படி வரும் என்று பார்க்க இருநூறு வருஷம் பின்னால் போனேன்.

ஜேன் ஆஸ்டினின் ‘பர்சுவேஷன்’ நாவலைக் கல்லூரியில் பாடத்துக்காகப் புரட்டியதோடு சரி. இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். படித்து முடித்து இரண்டு நாளில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆன் எலியட்டுக்கு 27 வயது. அந்தக் காலக் கணக்கில் கல்யாண வயதைத் தாண்டியவள். எட்டு வருஷத்துக்கு முன்பு ஃபிரெடெரிக் வென்ட்வொர்த் என்ற கடற்படைக்காரனைக் காதலித்தாள், நிச்சயமும் ஆனது. அவனிடம் பணம் இல்லை, அந்தஸ்து இல்லை என்று அம்மாவின் ஸ்தானத்தில் இருந்த லேடி ரஸ்ஸல் எடுத்துச் சொல்ல, ஆன் மனம் மாறி விலகிக்கொண்டாள். இப்போது அவன் கேப்டன் ஆகி, சம்பாதித்து, திரும்பி வருகிறான். ஆனின் அப்பா கடனில் வீட்டை வாடகைக்கு விடுகிறார். வாடகைக்கு வருவது அவனுடைய அக்கா குடும்பம். கோபம் ஆறாதவனாக அவன் இவள் கண்முன்னே வேறு பெண்களோடு சிரித்துப் பேசுகிறான்.

பிரிவு நாவல் தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. இதுதான் ஆஸ்டினின் கெட்டிக்காரத்தனம். அதனால் முக்கால் பங்கில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த எட்டு வருஷம் கனத்துக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் நெடுந்தூரம் நடந்துவிட்டுத் திரும்பும்போது ஆன் களைத்திருப்பதை வென்ட்வொர்த் பார்க்கிறான். அக்காவின் வண்டி வருகிறது. அவன் அவர்களிடம் என்னவோ சொல்கிறான். ஆனிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறான். அவ்வளவுதான். மன்னிக்கவும் முடியவில்லை, களைத்திருப்பவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. ரயிலில் அந்த இடத்தைப் படித்தபோது இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

அப்புறம் அந்தப் பேனா. பாத் நகரத்தில் ஒயிட் ஹார்ட் என்ற விடுதியில் ஒரு பெரிய அறை. வென்ட்வொர்த் மேஜையில் உட்கார்ந்து நண்பன் ஹார்வில்லுக்காக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் தள்ளி, ஜன்னலருகே, ஹார்வில்லும் ஆனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சீக்கிரம் மறப்பது ஆணா பெண்ணா என்ற பேச்சு. எல்லாப் புத்தகங்களும் பெண்ணின் மனம் நிலையில்லாதது என்றுதானே சொல்கின்றன என்கிறார் ஹார்வில். புத்தகங்களைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், பேனா ஆண்கள் கையில்தானே இருந்தது என்கிறாள் ஆன். இந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு சின்னச் சத்தம். திரும்பிப் பார்த்தால் வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்திருக்கிறது. வேறொன்றுமில்லை. அவன் இவ்வளவு நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான் என்று ஆஸ்டின் உரக்கச் சொல்லவில்லை. பேனா விழுந்தது என்று மட்டும் எழுதுகிறார்.

நம்பிக்கை போன பின்பும் நேசித்துக்கொண்டே இருப்பது மட்டுமே பெண்ணுக்கு நான் கேட்கும் உரிமை என்று ஆன் சொல்கிறாள். வென்ட்வொர்த் எழுந்து அவசரமாக வெளியே போகிறான். ஒரு நிமிஷத்தில் கையுறையை மறந்துவிட்டதாகத் திரும்பி வருகிறான். மேஜையில் கிடந்த தாள்களுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ஆன் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். நண்பனுக்குக் கடிதம் எழுதுகிறான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் இவளுக்கு எழுதியிருக்கிறான். “பாதி வேதனையும் பாதி நம்பிக்கையுமாக இருக்கிறேன்” என்று வரும் அந்தக் கடிதத்தைப் பற்றி உலகமே பேசியாகிவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சொல்ல நினைத்தது வேறு. ஆஸ்டின் இந்த நாவலுக்கு முதலில் எழுதிய முடிவு இது இல்லை. 1816 ஜூலையில் அவர் நாவலை முடித்துவிட்டார். அந்த முடிவிலும் இருவரும் சேர்கிறார்கள். ஆனால் எப்படி? வென்ட்வொர்த்தின் அக்கா கணவர் அட்மிரல் கிராஃப்ட், தெருவில் ஆனைப் பார்த்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். ஆன் அந்த வீட்டுக்கு வாரிசான தன் உறவினர் எலியட்டைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளா, அப்படியென்றால் தாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டுச் சொல்லும்படி வென்ட்வொர்த்தை அனுப்புகிறார். அவன் சங்கடத்தோடு கேட்க, அவள் அப்படி ஒன்றுமில்லை என்கிறாள். இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள், சேர்ந்துவிடுகிறார்கள்.

எழுதி முடித்தும் ஆஸ்டினுக்குத் திருப்தி இல்லை. சில வாரங்களில் அதை எடுத்துவிட்டு, பேனா விழும் காட்சியையும் கடிதத்தையும் எழுதினார். அப்போதே அவருக்கு உடம்பு சரியில்லை. அடுத்த வருஷம் ஜூலையில் காலமானார். நாவல் அந்த 1817 டிசம்பரில்தான் அச்சாகி வந்தது. தள்ளிவிட்ட அந்த அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அவர் முடித்து வெளியான நாவல்களில் அவர் கையெழுத்தில் மிஞ்சியிருப்பது அந்தத் தாள்கள்தான்.

இரண்டு முடிவிலும் நடப்பது ஒன்றுதான், இருவரும் சேர்கிறார்கள். முதல் முடிவில் வீட்டு வாடகை விஷயமும் ஒரு தற்செயலும் அவர்களைச் சேர்த்துவைக்கின்றன. இரண்டாவதில் ஆன் தன் வாயால் தன் மனதைச் சொல்கிறாள், அது அவன் காதில் விழுகிறது. 19 வயதில் இன்னொருவர் பேச்சைக் கேட்டு வாழ்க்கையைத் தொலைத்தவள் 27 வயதில் தானே பேசித் திரும்பப் பெறுகிறாள். முடிவு மட்டும்தான் முக்கியம் என்றால் ஆஸ்டின் அந்த உடம்போடு உட்கார்ந்து மறுபடி எழுதியிருக்க வேண்டாம். ரொமான்ஸ் எல்லாம் ஒரே கதைதானே என்று கேட்பவர்களுக்கு நான் இனிமேல் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

சரி, அறிவியல் புனைகதைக்கு வருகிறேன்.

பதின்வயதினருக்கான அறிவியல் புனைகதையில் முடிவு தெரியாதுதானே என்று நினைத்துத்தான் அந்தப் பக்கம் போனேன். மரிஸா மேயரின் ‘சிண்டர்’ (2012) அந்த நினைப்பை முதல் பக்கத்திலேயே உடைத்துவிட்டது. அது சிண்டரெல்லா கதை. எதிர்கால நகரமான நியூ பெய்ஜிங்கின் சந்தையில் கடை போட்டிருக்கும் மெக்கானிக் பெண் சிண்டர். பாதி மனுஷி, பாதி இயந்திரம். நாவல் தொடங்கும்போது அவள் தன் இயந்திரக் காலைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். சின்ன வயதில் பொருத்திய கால், இப்போது அவளுக்குச் சிறிதாகிவிட்டது. கணுக்காலில் இருக்கும் திருகாணி துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறது. அப்படி ஒரு காலை இழுத்துக் கழற்றும் நேரத்தில் இளவரசன் பழுதான ரோபோ ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து நிற்கிறான்.

சிண்டரெல்லா கதையில் என்ன விழ வேண்டும் என்று நமக்குத் தெரியும். செருப்பு. இந்த நாவலில் விருந்து மாளிகையின் படிக்கட்டில் விழுவது அந்தச் சின்ன இயந்திரக் கால். சித்தி அவளுடைய புதுக் காலைப் பிடுங்கிக்கொண்டதால் பழையதையே மாட்டிக்கொண்டு வந்தவள் அவள். கண்ணாடிச் செருப்பு விழுந்தால் இளவரசன் அதை எடுத்துக்கொண்டு தேடிப் போவான். கால் விழுந்தால், அவள் இத்தனை நாள் மறைத்துவைத்தது அத்தனையும் எல்லார் கண்முன்னும் வெளியே வருகிறது. தெரிந்த கதையின் தெரிந்த நொடி இப்படி அவமானமாக மாறும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தக் காட்சிக்காகவே புத்தகத்தைப் பரிந்துரைப்பேன்.

மற்றபடி நாவலில் பலவீனங்கள் உண்டு. சிண்டர் உண்மையில் யார் என்ற மர்மத்தை ஐம்பது பக்கத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். எழுத்தாளர் அதைக் கடைசிவரை பொத்தி வைத்திருப்பது வீண். நியூ பெய்ஜிங் என்று பெயர் இருக்கிறதே தவிர அந்த ஊரின் சாப்பாடோ பேச்சோ தெருவோ கண்ணில் நிற்கவில்லை. ஓர் ஊரைக் கதைக்களமாக எடுத்தால் அந்த ஊர் மனிதர்களுக்குரிய மரியாதையோடு எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம்.

எமி காஃப்மனும் ஜே கிறிஸ்டாஃபும் சேர்ந்து எழுதிய ‘இலுமினே’ (2015) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2575ஆம் வருஷம், ஒரு சுரங்கக் கிரகத்தின்மீது தாக்குதல், தப்பி ஓடும் கப்பல்கள். அன்று காலையில்தான் காதலை முறித்துக்கொண்ட கேடியும் எஸ்ராவும் வேறு வேறு கப்பலில். மொத்த நாவலும் சாட் பதிவுகள், ராணுவக் குறிப்புகள், விசாரணை அறிக்கைகள் என்று கோப்பு வடிவில் இருக்கிறது. விண்வெளிச் சண்டை வரும் பக்கங்களில் வரிகள் குண்டு பாயும் பாதையில் வளைந்து போகின்றன. போன் திரையில் படித்து அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், காகிதத்தில் வாங்குங்கள். கப்பலை இயக்கும் செயற்கை அறிவு பேசும் பகுதிகள் அருமை. காதல் எனக்கு ஒட்டவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி துடுக்காகப் பேசுகிறார்கள், யார் பேசுவது என்று பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, இந்த மாதங்களில் என்னை மிகவும் உலுக்கிய புத்தகம். சூசன் காலின்ஸ் எழுதி 2025 மார்ச்சில் வந்த ‘சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்’.

‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையைத் தெரிந்தவர்களுக்கு ஹேமிட்ச் அபர்நாதியைத் தெரியும். காட்னிஸுக்கும் பீட்டாவுக்கும் வழிகாட்டியாக வரும் குடிகாரன். பிள்ளைகளைக் களத்தில் விட்டு ஒருவரை ஒருவர் கொல்லவைக்கும் அந்த விளையாட்டில் ஐம்பதாம் வருஷம் வென்றவன். அவன் வென்றதும் அவனுடைய அம்மா, தம்பி, காதலி மூவரையும் அரசு கொன்றுவிட்டது என்று 2010இல் வந்த மூன்றாம் நாவலிலேயே நமக்குச் சொல்லியாகிவிட்டது. புதிய நாவல் அந்த ஐம்பதாம் வருஷத்தின் கதை. பதினாறு வயது ஹேமிட்ச் தன் பிறந்தநாளன்று கண்விழிப்பதில் தொடங்குகிறது. அன்றுதான் போட்டிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள். அந்த வருஷம் மட்டும் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு, 48 பிள்ளைகள்.

அவன் பிழைப்பான். அவனுடையவர்கள் யாரும் பிழைக்கமாட்டார்கள். இது தெரிந்தேதான் முதல் வரியைப் படிக்கிறோம். லெனோர் டவ் என்ற அந்தப் பெண்ணை அவன் சந்திக்கப் போகும்போதும், அவளுக்காகக் கொஞ்சம் காசு கொடுத்து கம்ட்ராப் மிட்டாய் வாங்கும்போதும் வயிற்றில் என்னவோ செய்கிறது.

படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அப்பாவின் ஊர் நினைவு வந்தது. ஆரணிப் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ண மோட்சம் கூத்து நடக்கும். போருக்குப் புறப்படும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். பாயில் படுத்திருந்த பாட்டிகள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். கர்ணன் திரும்ப மாட்டான் என்று கைக்குழந்தையைத் தவிர அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷமும் அழுதார்கள், இந்த வருஷமும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுவார்கள். முடிவு தெரிந்ததால் அந்த அழுகை ஒரு சொட்டும் குறைந்ததில்லை. ஹேமிட்ச் லெனோர் டவ்விடம் விடைபெறும் பக்கங்களை நான் அந்தப் பாட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன்.

ஆனால் காலின்ஸ் இதோடு நிற்கவில்லை. இரண்டாம் நாவலில் காட்னிஸும் பீட்டாவும் அந்த ஐம்பதாம் போட்டியின் பழைய ஒளிப்பதிவைப் பார்ப்பார்கள். அவர்களோடு சேர்ந்து நாமும் பார்த்தோம். அதனால் களத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நாவலைப் படிக்கப் படிக்கத்தான் அந்தப் பதிவு வெட்டி ஒட்டியது என்று தெரிகிறது. ஹேமிட்ச் அந்தக் களத்தையே தகர்க்கப் பார்த்தான். தண்ணீர்த் தொட்டியை வெடிக்கவைத்து, களத்தை இயக்கும் இயந்திர மூளையை மூழ்கடிக்கும் திட்டம் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அதில் கூட இருந்தான். அது எதுவும் பதிவில் இல்லை. தேரணி ஊர்வலத்தில் விபத்தில் இறந்துபோன லூயெல்லா என்ற பதின்மூன்று வயதுச் சிறுமிக்குப் பதிலாக, அதே சாயலில் வேறொரு சிறுமியைக் கொண்டுவந்து அவள் இடத்தில் நிறுத்துகிறார்கள். ஊரைப் பொறுத்தவரை அப்படி ஒரு சாவு நடக்கவே இல்லை.

2009இல் நாம் நம்பிய ஒன்றை 2025இல் எடுத்து, “நீங்கள் பார்த்தது அரசாங்கம் காட்டியது” என்று சொல்கிறார் காலின்ஸ். பதினாறு வருஷம் வாசகரையே அந்தப் பொய்க்குள் உட்காரவைத்துவிட்டுச் சொல்கிறார். பரப்புரை எப்படி வேலை செய்கிறது என்று பதின்வயதுப் பிள்ளைக்கு இதைவிட நன்றாக யாரும் பாடம் எடுக்க முடியாது.

இந்த இடத்தில் சுஜாதாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘என் இனிய இயந்திரா’வில் குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும், நாட்டை ஆளும் ஜீவா எல்லாத் திரையிலும் இருப்பார். கடைசியில் அந்த ஜீவாவே ஒளியால் ஆன பிம்பம் என்று தெரியவரும். பள்ளியில் படித்தபோது நாய்க்குட்டி ஜீனோதான் எனக்குக் கதை. பிம்பத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாட்டைப் பற்றிய கதை அது என்று இப்போதுதான் உறைக்கிறது. அதைத் தொடராகப் படித்த தலைமுறையிடம் யாரும் இது இளையோருக்கான அறிவியல் புனைகதை என்று சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் படித்தார்கள், பிள்ளைகளும் படித்தார்கள்.

காலின்ஸின் நாவலிலும் குறை இல்லாமல் இல்லை. முந்தைய நாவல்களில் வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே வருஷத்தில் ஹேமிட்ச்சைச் சுற்றி வந்து நிற்கிறார்கள். பீட்டி, மேக்ஸ், வயரெஸ், ப்ளூட்டார்க், எஃபி, போதாததற்குக் காட்னிஸின் அப்பா. நாடு அவ்வளவு சின்னதா? கடைசிப் பகுதியில் எட்கர் ஆலன் போவின் அண்டங்காக்கைக் கவிதை பத்திக்குப் பத்தி குறுக்கே வருகிறது. லெனோர் என்ற பெயருக்கான காரணம் அதுதான் என்றாலும், துக்கத்தில் இருப்பவனைப் பார்க்க விடாமல் யாரோ முன்னால் வந்து பாடுவதுபோல் இருந்தது.

அந்த மிட்டாய்ப் பை திரும்ப வரும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஹேமிட்ச் வென்று ஊர் திரும்புகிறான். வீடு எரிந்து அம்மாவும் தம்பியும் போய்விட்டார்கள். லெனோர் டவ்வைக் கண்டுபிடிக்கிறான். அவளிடம் கம்ட்ராப் பை இருக்கிறது, அவன்தான் வைத்துவிட்டுப் போனான் என்று நினைத்திருக்கிறாள். அவன் தன் கையாலேயே அவளுக்கு ஊட்டிவிடுகிறான். பிறகுதான் பார்க்கிறான். அவன் வாங்கிக் கொடுத்தது பல வண்ண மிட்டாய். இந்தப் பையில் இருப்பது எல்லாம் ஒரே ரத்தச் சிவப்பு. அவள் இறப்பாள் என்று பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியும். அவன் கையாலேயே என்று தெரியாது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் சில பக்கங்கள், பல வருஷம் கழித்து. போர் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு காட்னிஸ் ஒரு கூடையில் வாத்து முட்டைகளை ஹேமிட்ச்சிடம் கொண்டுவந்து கொடுக்கிறாள். சாப்பிட இல்லை, பொரிக்கவைக்க. மூன்றாம் நாவலின் முடிவில் ஹேமிட்ச் வாத்து வளர்க்கிறான் என்று போகிறபோக்கில் ஒரு வரி வரும். அப்போது கிழவனுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்துக் கடந்துவிட்டேன். வாத்து வளர்த்தவள் லெனோர் டவ்.

அம்மாவுக்கு இப்போது கண்ணில் புரை. சின்ன எழுத்துப் படிக்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்து, அந்த வாரம் படித்ததைக் கதையாகச் சொல்வேன். போன ஞாயிறு ஹேமிட்ச் முறை. பேரைச் சொன்னதும் அம்மா கேட்டார்.

“கடைசியில என்ன ஆகுது?”

சொன்னேன். அம்மா, தம்பி, அந்தப் பெண், சிவப்பு மிட்டாய், குடி, எல்லாவற்றையும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இந்தக் கதை வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வாத்து முட்டையையும் சொன்னேன்.

“பொரிச்சுதா?”

“பொரிச்சுது. வயசான காலத்துல வாத்து வளர்க்கிறான்.”

“வளர்க்கிறான்ல? அப்போ சரி. முதல்ல இருந்து சொல்லு.”

“அன்னிக்கு அவனுக்குப் பிறந்தநாள்மா” என்று ஆரம்பித்தேன்.